எட்டுக் கண் இருந்தால் ஒரு பெயர்

தாராவியை ஒட்டிய மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா ஒரு காலத்தில் மும்பையின் குப்பைமேடு. அதன்மேல் மண் போட்டு, மரம் வளர்த்து, 1994-ல் திறந்தார்கள். குப்பைமேடு காடாகிவிட்டது. உதிரும் இலை மண்ணாக வேண்டுமே? அந்த வேலையில் பூஞ்சைக்குத் துணை, ஸ்பிரிங்டெயில் என்ற சிற்றுயிர்.

நீளம் சில மில்லிமீட்டர்தான். வயிற்றுக்கடியில் மடித்து வைத்த கவையைத் தரையில் அறைந்து துள்ளும். ஆறு கால் உண்டு. ஆனாலும் பூச்சி அல்ல. வாயுறுப்புகள் தலைக்குள் ஒளிந்திருப்பதால் கொலம்போலா என்று தனிப் பிரிவு. இதுவரை பெயரிடப்பட்டவை 9,000 இனங்களுக்கு மேல்.

சிக்கல் பேரினத்தைப் பிரிப்பதில். 1839-ல் பூர்லே பெயரிட்ட லெபிடோசிர்டஸுக்கு உடலெங்கும் செதில், தலையின் இருபுறமும் எட்டெட்டுக் கண். கண் குறைந்தால் அது 1897-ல் ஷேஃபர் வகுத்த சூடோசினெல்லா. கச்சிதமான கணக்கு! ஆனால் மண்ணின் இருட்டில் வாழும் உயிர்கள் தலைமுறை போகப்போகக் கண் இழப்பதுண்டு. வெவ்வேறு கிளைகள் தனித்தனியே கண் இழந்திருந்தால், அவற்றை ஒரே வம்சம் என்பது கண்ணாடி போட்டவர்களையெல்லாம் உடன்பிறந்தவர்கள் என்பது போலத்தான். அதனால் ஆய்வாளர்கள் இப்போது உடல் ரோமங்களின் வரிசையையும் மரபணுவையும் பார்க்கிறார்கள்.

பெயரில் என்ன இருக்கிறது? மண்ணில் நச்சு கலந்திருக்கிறதா என்று அறியும் சர்வதேசச் சோதனையில் பயன்படுவது ஃபால்சோமியா கேண்டிடா என்ற ஸ்பிரிங்டெயில். இந்திய ஸ்பிரிங்டெயில்களை 1912-லேயே ஏ.டி. இம்ஸ் விவரித்தார். நம் மண்ணின் நலத்தை நம் மண்ணுயிர்களைக் கொண்டே அளக்க வேண்டுமென்றால், எது எந்த இனம் என்பதில் குழப்பம் கூடாது. ஆளைத் தெரியாமல் சாட்சியை நம்ப முடியுமா?