காக்கைக்குச் சோறும் புறாவுக்குத் தானியமும்

மும்பையில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஊரில் விட்டு வந்தவை பல. விடாமல் கொண்டு வந்தவை சில. காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கம் அச்சிலவற்றுள் ஒன்று. முற்றமும் கொல்லையும் இல்லாத இந்நகரில், நான்காம் மாடிச் சன்னல் விளிம்பிலேனும் ஒரு பிடி அன்னம் வைத்த பிறகே உண்ண அமரும் இல்லங்கள் இன்றும் உள. ஆனால் காக்கை வருமுன் புறாக்கூட்டம் வந்து விடுகிறது. அதைக் கண்டு மனமிரங்கி, சோளமும் கம்பும் வாங்கி நாள்தோறும் இறைக்கத் தொடங்கிய அன்பர்களும் நம்மிடையே உண்டு. அவர்கள் பொருட்டே இதனை எழுதுகிறேன்.

தாதர் நிலையத்துக்கு மேற்கேயுள்ள கபூதர்கானாவை அறியாதார் நம்மில் இலர். 1933ஆம் ஆண்டு முதல் அங்கு புறாக்களுக்குத் தானியம் இடப்பட்டு வந்தது. 2025 ஜூலைத் திங்களில், நகரிலுள்ள 51 கபூதர்கானாக்களையும் மூடுமாறு மாநில அரசு மாநகராட்சியைப் பணித்தது. விதியை மீறித் தீனி இடுவோர் மீது வழக்குப் பதியலாம் என்று அதே மாத இறுதியில் உயர்நீதிமன்றம் கூறியது. ஆகஸ்டில் தாதர் கபூதர்கானாவைத் தார்ப்பாயால் மூடினார்கள். 6ஆம் தேதி, புறாவுக்கு உணவிடுதலை அறமாகப் போற்றும் சமண சமயத்தார் பலர் திரண்டு அதைக் கிழித்தெறிந்தனர். 11ஆம் தேதி உச்சநீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. அவ்வாண்டின் பிற்பகுதியில், நான்கு இடங்களில் மட்டும் காலை 7 மணி முதல் 9 மணி வரை தீனியிட மாநகராட்சி இசைந்தது. குறிக்கப்படாத பொது இடத்தில் இறைப்பவர்க்கு 500 ரூபாய் அபராதம்.

உயிர்களிடத்து இரக்கம் காட்டுவதைக் குடிமக்களின் கடமையென அரசியலமைப்பே 51-ஏ பிரிவில் சொல்கிறதே, அதற்குத் தடையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆயினும் புறாவின் இயல்பை அறிந்தால் தடையின் காரணம் விளங்கும். அது மலைப்பாறை இடுக்குகளில் வாழ்ந்த பறவை. நம் அடுக்குமாடிகளின் சன்னல் விளிம்பும் குளிர்சாதனப் பெட்டியின் மேற்புறமும் அதற்குப் பாறை இடுக்குகளே. தீனி குறைவின்றிக் கிடைத்தால் ஆண்டு முழுவதும் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். அதன் எச்சம் உலர்ந்து பொடியாகிக் காற்றில் கலக்கிறது. அப்பொடியையும் இறகுத் துகளையும் நெடுநாள் சுவாசிப்பவர் சிலருக்கு நுரையீரல் அழற்சி உண்டாகிறது. முதலில் வறட்டு இருமல், பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பு. கவனியாது விட்டால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். தழும்பேறிய பகுதி மீண்டும் பழைய நிலைக்கு வருவதில்லை. தானியம் இறைப்பவர் ஒருவர். அந்தத் துகளைச் சுவாசிப்பவரோ பெரும்பாலும் பக்கத்து வீட்டு முதியவரோ குழந்தையோ ஆவார். எஞ்சிய தானியத்துக்கு இரவில் எலி வருவது தனிக்கதை.

“என் வீட்டுப் பால்கனி, என் தானியம்” என்னும் வாதமும் செல்லாது. வொர்லியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பால்கனியிலிருந்து பறவைகளுக்குத் தீனியிட்டதால் எழுந்த வழக்கில் நகர உரிமையியல் நீதிமன்றம் தடை விதித்தது. 2019இல் உச்சநீதிமன்றமும் அத்தடையை நீக்க மறுத்தது. வாடகைக்குக் குடியிருப்போர்க்கு அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை; சொசைட்டிச் செயலாளரின் ஒரு கடிதமே வீட்டுக்காரரின் முகத்தை மாற்றப் போதுமானது!

கூண்டில் பச்சைக்கிளி வளர்ப்போரும் கவனிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். பாலும் பழமும் ஊட்டி வளர்த்தாலும் குற்றம் குற்றமே.

இனிக் காக்கைக்கு வருவோம். அமாவாசைக்கு என்ன செய்வது, கனுப்பிடிக்கு எங்கே போவது என்று வீட்டுப் பெரியவர்கள் கவலைப்படுவது இயல்பு. காக்கை நம் சன்னலில் கூடு கட்டுவதில்லை, மரத்தில் கட்டும், சோற்றைக் கொத்திக்கொண்டு பறந்துவிடும். எனவே பச்சைத் தானியத்தை விடுத்து, ஒரு பிடி சமைத்த சோற்றை மட்டும் சிறு தட்டில் வைத்து, காக்கை உண்ணும் வரை அருகில் நின்று, மிஞ்சியதை உடனே உள்ளே எடுத்துவிட்டால் புறா தங்குவதற்கு வழியில்லை. தட்டை அடுக்களைத் தொட்டியில் கழுவுக. சன்னல் வழியே நீர் ஊற்றினால், கீழ்வீட்டார் உலர்த்திய துணிக்கு நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.