உறங்கும் செயலிகளும் விழித்திருக்கும் இயங்குதளமும்

கைப்பேசியைக் கையிலெடுத்தவுடன், திறந்து கிடக்கும் செயலிகளையெல்லாம் ஒன்றுவிடாமல் விரலால் தள்ளி மூடும் வழக்கம் நம்மில் பலரிடம் உண்டு. மின்கலம் நெடுநேரம் தாங்கும், கருவி விரைந்து இயங்கும் என்பன அதற்குக் கூறப்படும் காரணங்கள். ஆளில்லா அறையில் விளக்கை அணைப்பது போன்ற சிக்கனம் இது என்றே நாமும் எண்ணியிருந்தோம். உண்மை நிலை யாதென ஈண்டுக் காண்போம்.

செயலி ஒன்றைத் திறக்கும்போது அது சேமிப்பகத்திலிருந்து நினைவகத்திற்கு வருகிறது. நூலக அலமாரியிலுள்ள நூலை எடுத்துவந்து மேசைமேல் விரிப்பதற்கு இதனை ஒப்பிடலாம். நாம் வேறு செயலிக்கு மாறும்போது முந்தைய நூல் மேசையிலேயே மூடி வைக்கப்படுகிறது. பெரும்பாலும் அது பணி எதுவும் செய்வதில்லை. இடம் மட்டுமே கொள்கிறது. நினைவகம் நிறைந்திருப்பினும் வெறுமையாக இருப்பினும் அது உண்ணும் மின்னாற்றல் ஏறத்தாழ ஒன்றே.

மேசை நிறைந்துவிட்டால் என் செய்வது? 2008இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு இயங்குதளம் செயலிகளைத் தரம் பிரித்து வைக்கிறது. நம் கண்முன் இயங்குவது முதல் தரம். திரையில் ஓரளவு தெரிவது அடுத்தது. மறைவில் கோப்பு இறக்குதல் போன்ற பணியில் இருப்பது மூன்றாவது. பணியின்றி இருப்பது கடைசி. இடம் தேவைப்படும்போது கடைசித் தரத்தில் நெடுநேரம் தொடப்படாதவையே பெரும்பாலும் முதலில் அகற்றப்படுகின்றன. ஐபோனிலும், 2010இல் வந்த நான்காம் பதிப்பு இயங்குதளம் முதல், பின்னணிக்குச் சென்ற செயலி சிறிது நேரத்தில் இடைநிறுத்தப்படுகிறது. நினைவகம் குறைந்தால் அகற்றப்படுகிறது.

மின்கலத்தைக் காக்கவும் ஏற்பாடுகள் உள. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6, திரை அணைந்து, மின்னேற்றமின்றி, அசையாது கிடக்கும் கருவியில் செயலிகளின் வலைத்தொடர்பை நிறுத்தி வைக்கிறது. இடையிடையே சிறிது நேரம் மட்டும் அனைத்திற்கும் ஒருசேர வாய்ப்பளிக்கிறது. 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9, நாம் அரிதாகப் பயன்படுத்தும் செயலிகளுக்குப் பின்னணி வாய்ப்பையே சுருக்கிவிடுகிறது.

இத்துணை ஏற்பாடுகள் இருக்க, நாம் மூடிய செயலியை மீண்டும் திறந்தால், நூலை மறுபடியும் அலமாரியிலிருந்து கொணரும் உழைப்பே மிஞ்சுகிறது. அடிக்கடி பயன்படும் செயலியை இவ்வாறு மூடி மூடித் திறப்பதால் ஆற்றல் கூடுதலாகச் செலவாகிறது. ஆண்ட்ராய்டு அமைப்புப் பகுதிக்குச் சென்று ஒரு செயலியைக் கட்டாயமாக நிறுத்திவிட்டாலோ, அதனை நாமே மீண்டும் திறக்கும்வரை அதன் நினைவூட்டல்கள் ஒலிப்பதில்லை. வீட்டிலுள்ள பெரியவருக்கு மருந்து வேளையை உணர்த்தும் செயலியாக அது இருப்பின் விளைவு என்னவாகும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எனின், மூடவே கூடாதோ? இயக்கமின்றி உறைந்துபோன செயலியையும், மின்கலப் பட்டியலில் அளவுமீறி ஆற்றல் உண்பதாகக் காட்டப்படும் செயலியையும் மூடுவது முறையே. மாணவர்கள் மற்றொன்றையும் கருத்திற் கொள்க. பின்னணிக்குச் சென்ற செயலி எந்நேரமும் அகற்றப்படலாம். அது தானே சேமிக்கும் வகையினதாக இல்லையெனில், எழுதிய கட்டுரை மறைந்துபோகக்கூடும். வேறு செயலிக்கு மாறுமுன் எழுதியதைச் சேமித்து வைப்பதே நம் கடமை. எஞ்சியதை இயங்குதளம் பார்த்துக்கொள்ளும்.