இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ் படிக்க வீட்டை அடமானம் வைக்கணுமா? கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க



கல்விக்கடன் பற்றி நம்ம சேனலில் வீடியோ போட்ட பிறகு ஒரு அப்பாகிட்டேர்ந்து மெயில் வந்தது. "பொண்ணு பி.ஏ. கடைசி வருஷம் சார். லண்டன்ல இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ் படிக்கணும்னு ஒரே பிடிவாதம். ஒரு வருஷப் படிப்புதான், ஆனா ஃபீஸ், தங்குற செலவு எல்லாம் சேர்த்து 35 லட்சம்னு ஏஜென்ட் சொல்றார். வீட்டுப் பத்திரத்தை வச்சு கடன் வாங்கலாமா?"

இதே மாதிரி கேள்வி நிறைய பேருக்கு இருக்கு. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வெளிநாடு போறவங்களுக்கு வழிகாட்ட ஊருக்கு நாலு பேர் இருக்காங்க. வெளியுறவு, ராஜதந்திரம், ஐ.நா. சபைன்னு ஆசைப்படுற பிள்ளைங்களுக்கு வழி சொல்ல ஆள் இல்லை. அதனால அந்த அப்பாவுக்கு எழுதின பதிலையே கொஞ்சம் விரிச்சு இங்கே போடுறேன்.

முதல்ல அந்த 35 லட்சம்

வட்டி 10% என்று வைத்துக்கொள்வோம். படிப்பு ஒரு வருஷம், அதுக்கு அப்புறம் ஒரு வருஷம் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கிட்டே இருக்கும். முழுப் பணத்தையும் ஆரம்பத்திலேயே எடுத்துட்டா இரண்டு வருஷத்துக்கு 7 லட்சம் வட்டி. அசலோடு சேர்ந்து 42 லட்சம். அதை 10 வருஷத்தில் அடைக்க மாதத் தவணை சுமார் 55,500 ரூபாய். மொத்தமாக நீங்கள் கட்டி முடிப்பது 66 லட்சத்துக்கும் மேலே.

படிக்கும்போதே மாசா மாசம் வட்டியை மட்டும் கட்டிக்கிட்டு வந்தா தவணை 46,250 ரூபாய்க்கு இறங்கும். ஆனா அப்பா அந்த இரண்டு வருஷமும் மாசம் 29,000 ரூபாய்க்கு மேல கட்டணும்.

இந்தத் துறையில் முதல் வேலை பெரும்பாலும் ஆய்வு நிறுவனம், தொண்டு நிறுவனம், பத்திரிகை, தூதரகத்தில் உள்ளூர் ஊழியர் வேலை, இப்படித்தான் இருக்கும். நல்ல வேலைகள்தான். ஆனா 55,500 ரூபாய் தவணையைக் கட்டிவிட்டு சாப்பிடவும் மிச்சம் இருக்கிற மாதிரி முதல் சம்பளம் இதில் அபூர்வம். இங்கிலாந்திலேயே வேலை தேடிக்கலாம்னு நினைச்சா, படிப்பு முடிந்து அங்கே தங்கும் அனுமதி இப்போ இரண்டு வருஷம். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கிறவங்களுக்கு அது 18 மாதம்தான்.

ஐ.டி. படிப்புக்குக் கடன் வாங்குற கணக்கு வேற, இந்தப் படிப்புக்குக் கடன் வாங்குற கணக்கு வேற. ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார், அவருக்கு கமிஷன் இரண்டிலும் வரும்.

அடுத்தவங்க காசில் படிக்கும் வழி: எராஸ்மஸ் முண்டஸ்

இதைத்தான் நான் முதல்ல சொல்வேன். ஐரோப்பிய ஒன்றியம் 2004லிருந்து நடத்துற திட்டம். இரண்டு, மூன்று நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரே முதுகலைப் படிப்பை நடத்தும். ஒரு செமஸ்டர் ஒரு நாட்டில், அடுத்தது இன்னொரு நாட்டில். ஸ்காலர்ஷிப் கிடைத்தால் ஃபீஸ் கிடையாது, கைக்கு மாதம் 1,400 யூரோ. அதிகபட்சம் 24 மாதம். கணக்குக்காக ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் 33.6 லட்சம். அந்த அப்பா கடனாக வாங்க நினைத்த தொகைக்குக் கிட்டத்தட்ட சமம். இதைத் திருப்பிக் கட்ட வேண்டாம்.

நம்ம துறைக்கு நேரடியாகப் பொருந்துற படிப்புகளும் இருக்கு. பாதுகாப்பு, உளவு, வியூகம் பற்றிய படிப்பு ஒன்று கிளாஸ்கோ பல்கலைக்கழகம் முன்னின்று டப்ளின், டிரென்டோ, பிராக் நகரப் பல்கலைக்கழகங்களோடு நடத்துறது. லைப்சிக் பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கிற 'குளோபல் ஸ்டடீஸ்' இன்னொன்று. இடப்பெயர்வு பற்றிய படிப்பு ஓல்டன்பர்க்கில் இருந்து நடக்கிறது. வேலை அனுபவம் பொதுவாகக் கட்டாயம் இல்லை, வயது வரம்பு இல்லை, கடைசி வருஷ மாணவர்களும் போடலாம். இந்திய மாணவர்கள் வருஷா வருஷம் நல்ல எண்ணிக்கையில் வாங்குறாங்க. நம்ம ஊர்லேர்ந்து போடுறவங்க குறைவா இருக்காங்கன்னா, தெரியாததுதான் காரணம்னு நினைக்கிறேன்.

விண்ணப்பம் பெரும்பாலும் அக்டோபரில் திறந்து ஜனவரிக்குள் மூடிடும். படிப்பு தொடங்குவது அடுத்த ஆகஸ்ட், செப்டம்பரில். அதாவது கடைசி வருஷம் தொடங்கும்போதே வேலையை ஆரம்பிக்கணும். இரண்டு பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதம், ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் ஒரு கடிதம். இந்தக் கடைசிக் கடிதத்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுறாங்க. "சின்ன வயசிலிருந்தே உலக அமைதியில் ஆர்வம்" என்று எழுதினால் குப்பைக்கூடைதான். பாக் நீரிணை மீனவர் பிரச்சினையைப் பற்றி நாகப்பட்டினத்தில் பத்து பேரிடம் பேசி ஒரு கட்டுரை எழுதினேன் என்று சொன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பார்கள்.

இதில் பண விஷயமா இரண்டு பொறி இருக்கு. ஒன்று, "அட்மிஷன் உண்டு, ஸ்காலர்ஷிப் இல்லை" என்று ஒரு கடிதம் வரும். வீட்டில் ஸ்வீட் வாங்குவாங்க, ஆனா அது சொந்தக் காசில் படிக்கச் சொல்ற கடிதம். திரும்பவும் 35 லட்சம் கணக்குக்கே வந்து நிப்பீங்க. இரண்டாவது, அந்த 1,400 யூரோவில்தான் எல்லாமே அடக்கம். டிக்கெட்டுக்கோ விசாவுக்கோ தனியாகத் தர மாட்டார்கள். முதல் மாசப் பணம் பொதுவா நீங்க அங்கே போய் இறங்கின பிறகுதான் வரும். விசா கட்டணம், விமான டிக்கெட், அறைக்கு முன்பணம், முதல் மாச வாடகை எல்லாம் உங்க கைக்காசு. என் கணக்கில் இரண்டரை லட்சத்திலிருந்து மூன்று லட்சமாவது தயாராக இருக்கணும். பாட்டி நகையை வைக்கிறதா இருந்தா இதுக்கு வைக்கலாம், தப்பில்லை. ஆறு மாசத்தில் மீட்டுடலாம்.

லண்டன்தான் வேணும்னா

இரண்டு வருஷம் பொறுங்க. செவனிங் என்று பிரிட்டிஷ் அரசாங்கத்தின் ஸ்காலர்ஷிப் 1983லிருந்து இருக்கு. ஒரு வருஷ முதுகலைக்கு ஃபீஸ், தங்கும் செலவு, விமான டிக்கெட் எல்லாம் அவங்களே தர்றாங்க. ஆனா 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்பாங்க, அதாவது சுமார் இரண்டு வருஷம். படிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்பி இரண்டு வருஷம் இங்கே இருக்கணும். இதுவும் கடும் போட்டிதான். ஆனா 35 லட்சம் கடனோடு இன்றைக்கே போறதையும், இரண்டு வருஷம் சம்பாதிச்சுட்டு ஓசியில் போக முயற்சி பண்றதையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் ஃபீஸ் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் வெளிநாட்டு மாணவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு, வேறு சில இடங்களிலும் இப்போ வாங்க ஆரம்பிச்சிருக்காங்க. விசாவுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போடணும். இதைச் செலவுன்னு நினைச்சு பயப்படுறாங்க. அது உங்க பணம்தான், மாசம் 992 யூரோவா உங்களுக்கே திரும்பி வரும். இந்தியர்களுக்கு ஏ.பி.எஸ். சான்றிதழும் வேணும், அதுக்கு நேரம் எடுக்கும், முன்கூட்டியே போட்டுடுங்க.

ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்கு ஃபீஸ் விலக்கு, விமான டிக்கெட், மாதம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் யென்னுக்கு மேல். தூதரகம் வழியாக விண்ணப்பிக்கலாம், சென்னையிலேயே ஜப்பான் துணைத் தூதரகம் இருக்கு.

நம்ம தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டத்தையும் விட்டுடாதீங்க. ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறிஸ்தவ ஆதிதிராவிடர் குடும்பங்களுக்கு, வருட வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் பொருந்தும். வருமானத்தைப் பொறுத்து 36 லட்சம் வரை கொடுக்கிறார்கள். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் ஒரு விஷயம் கவனிக்கணும். 2022லிருந்து இந்தியக் கலாச்சாரம், வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்கு அதில் அனுமதி கிடையாது. நம்ம துறைப் பிள்ளைகள் தலைப்பு எழுதும்போது இதில் மாட்டிக்குவாங்க.

ஊரிலேயே, கிட்டத்தட்ட இலவசமாக

டெல்லி ஜே.என்.யு.வில் இதுக்கென்றே 1955ல் தொடங்கிய பள்ளி ஒன்று இருக்கு. வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் சர்வதேச உறவுகளில் டாக்டர் பட்டம் வாங்கியது அந்தப் பல்கலைக்கழகத்தில். நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் திருச்சி சீதாலட்சுமி ராமசாமி கல்லூரியில் பி.ஏ. முடிச்சுட்டு அங்கேதான் போனார். கல்விக் கட்டணம் வருஷத்துக்கு சில நூறு ரூபாய். ஆமாங்க, நூறுதான், ஆயிரம் இல்லை. சி.யு.இ.டி. முதுகலை நுழைவுத் தேர்வு எழுதணும். புதுச்சேரி பல்கலைக்கழகத்திலும் அரசியல் மற்றும் சர்வதேசப் படிப்புத் துறை இருக்கு. டெல்லி தூரம் என்பவர்களுக்கு அது பக்கம்.

முதுகலை முடித்ததும், அல்லது முடிக்கிற வருஷத்திலேயே, யு.ஜி.சி. நெட் எழுதலாம். அதில் சர்வதேச உறவுகளுக்கென்றே தனிப்பாடம் இருப்பது பலருக்குத் தெரியாது. ஜே.ஆர்.எஃப். கிடைத்து பி.எச்டி. சேர்ந்தால் மாதம் 37,000, இரண்டு வருஷம் கழித்து 42,000, அதோடு வீட்டு வாடகைப் படியும் உண்டு. படிக்கிறதுக்கு சம்பளம்!

ஐ.எஃப்.எஸ். ஆகணும்னு ஆசைப்பட்டு வெளிநாட்டு எம்.ஏ.வுக்குக் கடன் வாங்குறவங்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அதுக்கு யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வுதான் வழி, ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். நான் முதல்வன் திட்டத்தில் மதிப்பீட்டுத் தேர்வு வைத்து 1,000 பேருக்கு மாதம் 7,500 ரூபாய், பத்து மாதம் தருகிறார்கள். முதல்நிலை தேறினால் 25,000 தனியாக.

இன்டர்ன்ஷிப்: யார் யாருக்குக் காசு கொடுக்கணும்?

வெளியுறவு அமைச்சகமே டெல்லியில் இன்டர்ன்ஷிப் நடத்துது. மாதம் 10,000 ரூபாய், ஊரிலிருந்து டெல்லி போய்வர எகானமி விமான டிக்கெட். தங்குறது, சாப்பாடு நம்ம பொறுப்பு. டெல்லியில் 10,000 ரூபாயில் மாசம் ஓடாது, ஆனா கைவிட்டுப் போறதும் அதிகம் இல்லை.

ஐ.நா. செயலகத்தில் நிலைமை தலைகீழ். நியூயார்க்கோ ஜெனிவாவோ, பைசா கிடையாது. டிக்கெட், விசா, இன்ஷூரன்ஸ், வாடகை எல்லாம் நம்மளுது. 2015ல் நியூசிலாந்து இளைஞர் ஒருவர் ஜெனிவாவில் ஐ.நா. இன்டர்னாக இருந்துகொண்டு கூடாரம் போட்டுத் தங்கினார் என்பது உலகச் செய்தியானது. உலக சுகாதார நிறுவனம், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு போன்றவை உதவித்தொகை தருகின்றன, முதலில் அங்கே தேடுங்க. வீட்டிலிருந்தே செய்கிற ஐ.நா. ஆன்லைன் தன்னார்வப் பணிக்கும் செலவில்லை.

இப்போ முக்கியமான எச்சரிக்கை. "வாழ்த்துகள்! உலக இளைஞர் மாநாட்டுக்கு நீங்கள் தேர்வாகியுள்ளீர்கள், பதிவுக் கட்டணம் இவ்வளவு" என்று மெயில் வரும். ஐ.நா. மாதிரியே நீலக் கலர், ஆலிவ் இலை. எனக்குத் தெரிந்த ஒரு பையன் டிக்கெட்டோடு சேர்த்து ஒண்ணேகால் லட்சம் கட்டிப் போய், மூணு நாள் ஹோட்டலில் உட்கார்ந்து, ஒரு சான்றிதழோடு வந்தான். அதை எந்தப் பல்கலைக்கழகமும் சீண்டவில்லை. ஐ.நா. எந்த வேலைக்கும் எந்தக் கட்டத்திலும் கட்டணம் கேட்காது. அந்த ஒண்ணேகால் லட்சத்தில் சென்னை அலையன்ஸ் பிரான்சேயிலோ கோத்தே இன்ஸ்டிட்யூட்டிலோ ஒரு மொழியை நல்ல நிலை வரைக்கும் படிச்சிருக்கலாம்.

கடன் வாங்கித்தான் ஆகணும்னா

7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கிகள் வழக்கமாக அடமானம் கேட்கும். வட்டிக்கு எட்டு வருஷம் வரை வரிவிலக்கு உண்டு, உச்சவரம்பு இல்லை, ஆனால் பழைய வரி முறையில் இருந்தால் மட்டும். மாமாகிட்ட வாங்கின கடனுக்கு இது கிடையாது. பணம் அனுப்பும்போது பிடிக்கிற டி.சி.எஸ். (கம்பெனி இல்லீங்க, வரி) 2025 ஏப்ரல் முதல், நிதி நிறுவனத்தில் வாங்கிய கல்விக்கடனுக்குக் கிடையாது. சொந்தக் காசு என்றால் வருஷத்துக்கு 10 லட்சம் வரை பிடித்தம் இல்லை. அதுக்கு மேல் பிடித்தாலும் ரிட்டர்ன் போட்டுக் கழித்துக்கொள்ளலாம். அம்மா, அப்பா இரண்டு பேர் கணக்கிலிருந்தும் பிரித்து அனுப்பினால் ஆளுக்கு 10 லட்சம்.

அந்த அப்பா போன வாரம் பதில் போட்டிருந்தார். ஏஜென்டுக்குக் கொடுத்த 15,000 முன்பணம் திரும்பி வராதாம், போகட்டும்னு விட்டுட்டாராம். பத்திரம் பீரோவுக்குள்ளேயே இருக்கு. பொண்ணு இரண்டு நாள் அவரோட பேசலையாம். மூணாவது நாள் ராத்திரி லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு வந்து, "சி.யு.இ.டி.யும் போடுறேன், எராஸ்மஸும் நாலு போடுறேன், பரிந்துரைக் கடிதத்துக்கு மேடம்கிட்ட நாளைக்கே கேக்கணும், காலேஜுக்குக் கொண்டு விடுங்க"ன்னு சொன்னாளாம்.