லீ-என்பீல்டு துப்பாக்கியின் துணைக்கருவிகளும் பராமரிப்பும்

லீ-என்பீல்டு என்பது பிரித்தானியப் பேரரசின் படைகளும், பின்னர் விடுதலை பெற்ற இந்தியாவின் படைத்துறையும் காவல்துறையும் பயன்படுத்திய நெடுந்துப்பாக்கி (ரைபிள்) ஆகும். ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் இதன் தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். குழலின் உள்விட்டம் 0.303 அங்குலம் (7.7 மிமீ) என்பதால், தமிழ்நாட்டில் இது "த்ரீ நாட் த்ரீ" என்ற பெயராலேயே பரவலாக அறியப்படுகிறது.

வரலாறு

லீ-என்பீல்டு 1895-இல் பிரித்தானியப் படையில் ஏற்கப்பட்டது. 1907-இல் வந்த மார்க் 3 வகை இரு உலகப்போர்களிலும் பயன்பட்டது. மேற்கு வங்காளத்தின் இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை இவ்வகையை இந்தியாவிலேயே உற்பத்தி செய்தது. 1960-களில் இந்தியப் படை தானே மீள்நிரப்பும் 7.62 மிமீ துப்பாக்கிக்கு மாறியது. எனினும் தமிழ்நாடு உட்படப் பல மாநிலக் காவல்துறைகளில் .303 மேலும் பல பத்தாண்டுகள் நீடித்தது.

துணைக்கருவிகள்

* இழுகயிறு: ஒரு முனையில் பித்தளைக் குண்டும் மறுமுனையில் கண்ணிகளும் கொண்ட கயிறு. கண்ணியில் 4 அங்குல நீளமும் 2 அங்குல அகலமும் உள்ள பிளானல் துணி கோக்கப்படும்.
* எண்ணெய்க் குப்பி: சிறிய பித்தளைக் குப்பி. இதுவும் இழுகயிறும் துப்பாக்கியின் அடிக்கட்டையில் உள்ள மூடியிட்ட துளைக்குள்ளேயே வைக்கப்படும்.
* தோட்டாப் பட்டி: 5 தோட்டாக்களைப் பிடித்திருக்கும் எஃகுத் தகடு. இரண்டு பட்டிகளால் 10 தோட்டாக்கள் கொள்ளும் பெட்டி நிறையும்.
* துப்பாக்கிக் கத்தி: 1907 மாதிரியின் அலகு 17 அங்குல நீளமுடையது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்தியாவில் 12 அங்குல அலகு கொண்ட கத்திகளும் செய்யப்பட்டன.
* தோள்வார்: பருத்தி நாடாவால் நெய்யப்பட்டு, முனைகளில் பித்தளைத் தகடு பொருத்தப்பட்டது.

குழலைத் தூய்மை செய்தல்

பழைய .303 தோட்டாக்கள் பெரும்பாலானவற்றின் தீமூட்டியில் பொட்டாசியம் குளோரேட்டு இருந்தது. அது வெடிக்கும்போது பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாக மாறிக் குழலின் உட்புறத்தில் படிகிறது. சமையல் உப்பைப் போலவே இதுவும் காற்றின் ஈரத்தை ஈர்த்து, எஃகில் துருவை உண்டாக்குகிறது.

இந்த உப்பு எண்ணெயில் கரையாது, நீரில் கரையும். எனவே சுட்டபின் எண்ணெய் மட்டும் தடவினால், உப்பு எண்ணெய்ப் படலத்தின் அடியிலேயே தங்கிவிடும். இதனால்தான் குழலின் பின்முனையில் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றும் முறை பின்பற்றப்பட்டது. நீர் உப்பைக் கரைக்கிறது. நீரின் வெப்பம் குழலை விரைவில் உலர்த்துகிறது. அதன்பின் உலர்ந்த துணியும், இறுதியாக எண்ணெய்த் துணியும் இழுக்கப்படும்.

இழுகயிற்றின் குண்டைப் பின்முனை வழியாக விட்டு, வாய்ப்பகுதி வழியாக ஒரே இழுப்பில் நேராக வெளியே எடுக்க வேண்டும். கயிறு வாயின் விளிம்பில் உராய்ந்தால், நாளடைவில் அவ்விடம் தேய்ந்து குறி தவறும்.

தாழ்ப்பாளும் பாதுகாப்பும்

ஒவ்வொரு தாழ்ப்பாளும் அதற்குரிய துப்பாக்கிக்கே பொருத்தமாகச் சரிசெய்யப்பட்டது; இரண்டிலும் ஒரே எண் பொறிக்கப்பட்டிருக்கும். பல துப்பாக்கிகளை ஒன்றாகத் துடைக்கும்போது தாழ்ப்பாள்கள் மாறிவிட்டால், தாழ்ப்பாள் முகப்புக்கும் தோட்டாவின் விளிம்புக்கும் உள்ள இடைவெளி மாறக்கூடும். இடைவெளி மிகுந்தால் தோட்டாவின் பித்தளைக் கூடு கிழிந்து, சூடான வளிமம் சுடுபவரின் முகத்தை நோக்கிப் பீறிடலாம். இதைச் சோதிக்க 0.074 அங்குல அளவுகோல் பயன்படுகிறது. அதை வைத்த நிலையில் தாழ்ப்பாள் மூடிக்கொண்டால், அத்துப்பாக்கி சுடத் தகுதியற்றது.

தட்பவெப்பமும் மரப்பகுதியும்

மதுரையும் அதைச் சூழ்ந்த சமவெளியும் கோடையில் 40 பாகை செல்சியசு வரை வெப்பமடைகின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை ஈரத்தைக் கொண்டுவருகிறது. வறட்சியில் மரக்கட்டை சுருங்கும். ஈரத்தில் உப்பி, குழலை அழுத்தும். இதைக் குறைக்க மரத்தில் ஆளிவிதை எண்ணெய் தேய்க்கப்படுகிறது. இரும்புப் பகுதிகளுக்கான எண்ணெய் மரத்திற்கு ஏற்றதன்று.

இன்றைய நிலை

2016-ஆம் ஆண்டின் படைக்கல விதிகளின்படி .303 தடைசெய்யப்பட்ட விட்டங்களுள் ஒன்று. பொதுமக்கள் சாதாரண உரிமத்தில் இதை வைத்திருக்க இயலாது. ஆகவே இதன் பராமரிப்பு, படைப்பிரிவு மற்றும் காவல் பிரிவுகளின் ஆயுத அறைப் பணியாகவே இருந்துவந்துள்ளது.

2008 மும்பைத் தாக்குதலின்போது தொடருந்து நிலையத்தில் இருந்த காவலர்கள் சிலரிடம் .303 துப்பாக்கிகளே இருந்தன. அதன்பின் இவற்றின் பழமை நாடெங்கும் விவாதிக்கப்பட்டது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 சனவரியில் இதற்கு விடைகொடுத்தது. பழைய துப்பாக்கி ஒன்று பணியில் இருக்கும்வரை, அதை ஏந்தும் காவலரின் பாதுகாப்பு அதன் வயதை மட்டுமன்றி, கொதிநீர், பிளானல் துணி, எண் சரிபார்ப்பு ஆகிய எளிய நடைமுறைகளையும் பொறுத்ததாகும்.