பத்துப் பிரதிகள்

பாலிகஞ்ச் கிளையில் நான் பணியாற்றிய காலம். ஒரு நாள் காலை, கதவு திறந்த சிறிது நேரத்திலேயே, நம் வாடிக்கையாளரான ஓவியர் ஒருவர் என் மேசையருகே வந்தமர்ந்தார். பாஸ்புக்கில் பதிவு செய்யத்தான் வந்திருக்கிறார் என எண்ணிக் கை நீட்டினேன். அவர் தந்ததோ செய்தித்தாள். உள்ளூர்ப் பக்கத்தில் அவருடைய படமும் சிறு கட்டுரையும் வெளியாகியிருந்தன. எனக்கு வங்க எழுத்து வாசிக்க வராது என்பதால் தாமே வாசித்துப் பொருளும் சொன்னார். பிறகு காசாளருக்கும் காவலருக்கும் மீண்டும் வாசித்தார். நாற்பது ஆண்டுகளாக வரைபவர். பெயர் அச்சில் வந்தது அதுவே முதல் முறை.

பையில் பத்துப் பிரதிகள் இருந்தன. இன்று வாங்காவிட்டால் நாளை இதில் பொரி மடித்துவிடுவார்கள் என்று சிரித்தார். அந்தப் பேச்சில்தான் ஷகிலாவின் கதை வந்தது.

ஷகிலாவின் தாயார் கொல்கத்தாவின் தல்தலா சந்தையில் காய்கறி விற்றவர். அங்கே ஏழைக் குழந்தைகளுக்கு முட்டையும் இனிப்பும் தந்து வந்த பி. ஆர். பனேசர், தொழிலால் புள்ளியியலாளர், உள்ளத்தால் ஓவியர். சிறுமியைப் பள்ளியில் சேர்த்தவர் அவரே. திருமணத்திற்குப் பின் ஷகிலா வருமானத்திற்கு வழி தேடியபோது, பழைய தாள்களால் பைகள் ஒட்டி விற்கும் யோசனையைச் சொன்னவரும் அவரே. வணிகவியல் படித்த நானாக இருந்தால் அந்த யோசனையோடு நின்றிருப்பேன். அவரோ ஓவியக் கண்காட்சிக்கும் செல்லச் செய்தார். வீடு திரும்பிய ஷகிலா வண்ணத் தாள்களைக் கிழித்து அட்டையில் ஒட்டத் தொடங்கினார். முதலில் உருவானவை, தாம் நன்கறிந்த காய்கனிகள். பின்னர் காளியும், பெண்களின் துயரும், பாபர் மசூதி இடிப்பும் அவருடைய ஒட்டோவியங்களில் இடம்பெற்றன. 1990களின் தொடக்கத்தில் முதல் கண்காட்சி நடந்தது. பாலிகஞ்சில் 1993-இல் தொடங்கிய சிமா கலைக்கூடம் அவர் படைப்புகளை உலகறியச் செய்தது. பழைய தாள்களில் பை ஒட்டியவரைப் பற்றிச் செய்தித்தாள்களே எழுதின.

"அவருக்கு முன் நான் எம்மாத்திரம்?" என்றார் நம் ஓவியர். ஆனாலும் முகத்தில் பூரிப்பு குறையவில்லை. குறைய வேண்டிய தேவையும் இல்லை.

ஒரு பிரதியை எனக்குத் தந்தார். காசாளர் தாமும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். மீதி எட்டில் ஒன்றைச் சிலிகுரியிலுள்ள தமக்கைக்கு அனுப்ப வேண்டும், இளமையில் வண்ணங்கள் வாங்கக் காசு கொடுத்தவர் அவர்தாம் என்று சொல்லிக்கொண்டே அஞ்சலகம் நோக்கிப் புறப்பட்டார். பாஸ்புக்கை அன்று அவர் கொண்டுவரவே இல்லை.