இ.சி.ஜி. படிக்கும் கம்ப்யூட்டர்

நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் இ.சி.ஜி. எடுப்பார்கள். இதயம் துடிக்கும்போது மிகச் சிறிய அளவில் மின்சாரம் உண்டாகிறது. அதை இந்தக் கருவி தாளில் கோடுகளாக வரைகிறது.

அந்தக் கோடுகளைப் படிக்கத் தெரிந்த டாக்டர் எல்லா ஊரிலும் இல்லை. அதனால் கம்ப்யூட்டருக்கும் படிக்கக் கற்றுத் தருகிறார்கள். எப்படி? நாம் எழுத்துப் படித்தோமே, அப்படித்தான். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார், விவரம் குறித்த 91,232 பதிவுகளை அதற்குக் காட்டினார்கள். பார்த்துப் பார்த்துக் கற்றது. தாளம் தப்பிய துடிப்பை இதய டாக்டர்களைப் போலவே கண்டுபிடித்தது. 2019-இல் இந்த முடிவு வெளியானது.

ஆனால் அது பார்த்தது துடிப்பின் தாளத்தை மட்டுமே. மாரடைப்பு வேறு. அதன் தொடக்கத்தில் சிலருக்குக் கோடு சரியாகவே இருக்கும். வலி நிற்கவில்லையா? வீட்டுக்குத் திரும்பாதீர்கள். டாக்டர் மறுபடியும் இ.சி.ஜி. எடுப்பார், ரத்தமும் சோதிப்பார்.