சென்னைக்கு ஒரு விலை, யாழ்ப்பாணத்துக்கு வேறு விலை

பிரிக்ஃபீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையோரத்துக் கைப்பேசிக் கடை எதிலேனும் நின்று, வெளிநாட்டு அழைப்புகளுக்கான கட்டணப் பட்டியலை நிதானமாகப் படித்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் விசித்திரமாகத் தோன்றாமற்போகாது. கோலாலம்பூரிலிருந்து அளந்தால் யாழ்ப்பாணம் சென்னையைக் காட்டிலும் சற்றுக் கிட்டத்திலேயே இருக்கிறது. ஆயினும், சென்னையிலுள்ள அக்காளோடு ஒரு நிமிஷம் பேச ஆகும் செலவைவிட, யாழ்ப்பாணத்திலுள்ள மாமாவோடு ஒரு நிமிஷம் பேச ஆகும் செலவு வெகு அதிகம். ரயில்வே உத்தியோகத்துக்காக வந்து இந்த வட்டாரத்திலேயே வேரூன்றிவிட்ட இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பேதத்துக்குப் பழகியும் விட்டன. ஆனால் அதன் காரணத்தைக் கேட்டால், 'தூரம்தான்' என்கிறவர்களே பெரும்பாலோர்.

தூரமே காரணமாக இருந்த காலமும் உண்டு. 'டிரங்க் கால்' என்று நம் பெரியவர்கள் இன்றும் சொல்லும் அந்த நெடுந்தூர அழைப்பை, இணைப்பகத்து ஊழியரிடம் பதிவு செய்துவிட்டு, மறுமுனை கிடைக்கும்வரை காத்திருந்து, நிமிஷங்களை எண்ணிக்கொண்டே குடும்ப க்ஷேமலாபங்களை விசாரித்து முடிக்கவேண்டியிருந்தது. சந்தாதாரர் தாமே எண்ணைச் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. முறை 1958 டிசம்பரில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் தொடங்கி, 1962-இல் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நடைமுறைக்கு வந்தது. அதன் கணக்கு வெகு சாமர்த்தியமானது. ஓர் அலகின் விலை எந்த ஊருக்கும் ஒன்றேதான்; அந்த அலகு எத்தனை வினாடி நீடிக்கும் என்பது மாத்திரம் தூரத்துக்குத் தக்கபடி குறையும். ஊர் தொலைவாக ஆக, இணைப்பகத்திலுள்ள மீட்டர் வேகமாக ஓடும். 04 என்றால் பினாங்கு, 05 என்றால் ஈப்போ, 07 என்றால் ஜொகூர் என்று முன்னெண்களைக் கண்டே மீட்டரின் வேகம் நிர்ணயமாயிற்று. இதில் வேடிக்கை என்னவென்றால், 1965-இல் சிங்கப்பூர் தனி நாடாகிப் பிரிந்துபோன பின்பும், அதற்குரிய 02 நம் உள்நாட்டு எண்வரிசையிலேயே தொடர்ந்து இருந்தது. ராஜ்யங்கள் பிரிந்த வேகத்தில் தொலைபேசி எண்கள் பிரிவதில்லை போலும்!

கடல் கடந்த அழைப்புக்கோ வேறொரு தர்மம். 1981-இல் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே கடலடியில் காமன்வெல்த் வடம் போடப்பட்டபோது, தமிழகத்தோடு நமக்கு நேரான பாதை ஒன்று கிடைத்தது. ஆனால் பாதை கிடைத்துவிட்டால் மட்டும் பேச்சு போய்ச் சேர்ந்துவிடாது. மறுகரையில் அதை வாங்கி, உரியவர் வீட்டு மணியை ஒலிக்கச் செய்யும் நிறுவனத்துக்கு ஒரு கூலி கொடுத்தாக வேண்டும். இந்த முடிப்புக் கட்டணந்தான் நம் பட்டியலில் காணும் பேதத்துக்கெல்லாம் பிரதான மூலம். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புக்கான இக்கூலியை 2018 பிப்ரவரியில் நிமிஷத்துக்கு 53 பைசாவிலிருந்து 30 பைசாவாகக் குறைத்தது. 2020 மே முதல் 35 பைசாவுக்கும் 65 பைசாவுக்கும் இடையே நிறுவனங்கள் தாமே பேசி முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டது. எப்படிப் பார்த்தாலும் அது சொற்பத் தொகை. இலங்கையிலோ, வெளிநாட்டு அழைப்பு அந்நியச் செலாவணி ஈட்டும் ஒரு வாயிலாகக் கருதப்பட்டு, 2004-ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தின் வழியாக அதன்மீது தனித் தீர்வையும் விதிக்கப்பட்டது. ஆக, பிரிக்ஃபீல்ட்ஸ்காரர் யாழ்ப்பாணத்துக்குக் கொடுக்கும் கூடுதல் காசு கடலைத் தாண்டுவதற்கு அன்று, கரையேறுவதற்கு.

இனி, பட்டியலில் 'நிமிஷத்துக்கு இத்தனை சென்' என்று பெரிய எழுத்திலும், 'கணக்கிடும் துண்டு இத்தனை வினாடி' என்று சிறிய எழுத்திலும் அச்சாகியிருப்பதைக் கவனிக்கவேண்டும். நிமிஷத்துக்கு 30 சென் என்று வைத்துக்கொள்வோம். கிள்ளானிலிருந்து ஒருவர் 62 வினாடி பேசுகிறார். துண்டு 60 வினாடியாயின் இரண்டு துண்டுக்கு 60 சென் ஆகும். 30 வினாடியாயின் 45 சென். 10 வினாடியாயின் 35 சென். வினாடிக் கணக்காயின் 31 சென். விலை ஒன்றே, பேச்சும் ஒன்றே; கொடுப்பது மட்டும் ஏறக்குறைய இரு மடங்கு வரை போகிறது. 'ஹலோ, வந்து சேர்ந்துட்டியாப்பா? சரி, வைக்கிறேன்' என்ற அளவில் பேசி முடிக்கும் நம்மவர்களுக்கு, நிமிஷ விலையைவிடத் துண்டின் அளவே முக்கியம் என்பது என் அபிப்பிராயம். இது தவிர, சில நிறுவனங்களில் வழக்கமான 00-க்கு முன்னால் வேறு எண்களைச் சேர்த்து அழைத்தால் அதே ஊருக்கு வேறு விலை உண்டு. அந்தச் சலுகை, கைப்பேசியில் + குறியோடு சேமித்து வைத்த எண்ணை அப்படியே அழுத்துகிறவருக்குக் கிட்டாது.

பில்லின் அடியில் வரும் சேவை வரி 6 விழுக்காடு. 2024 மார்ச்சில் பல சேவைகளுக்கு அது 8 விழுக்காடாக உயர்ந்தபோதும், தொலைத்தொடர்புக்கு உயர்த்தப்படவில்லை. கணக்கில் பிழை என்று தோன்றினால் முதலில் நிறுவனத்தில் புகார் செய்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். அங்கே நியாயம் கிடைக்காதபோது, 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்கீழ் இயங்கும் பயனீட்டாளர் மன்றத்தையோ எம்.சி.எம்.சி. ஆணையத்தையோ அணுகலாம்.

வாட்ஸ்அப் இருக்க இதெல்லாம் எதற்கு என்பார்க்கும், வெளிநாட்டுப் பயணத்தில் ஒரு விபத்து காத்திருக்கிறது. மலேசியாவும் சிங்கப்பூரும் உடன்பட்டு 2011 மே முதல் தம்மிடையே ரோமிங் கட்டணத்தைக் குறைத்தன. எனினும், வெளிநாட்டிலிருக்கையில் நாம் ஏற்கும் அழைப்புக்கும் நாமே பணம் கட்டவேண்டும் என்ற விதி பொதுவாக எங்கும் உள்ளது. அதனினும் மோசமானது குரலஞ்சல். சென்னையில் இருக்கும் உங்களைக் கிள்ளானிலிருந்து ஒருவர் அழைக்க, நீங்கள் எடுக்காதபோது, அந்த அழைப்பு சென்னை வரை வந்து, அங்கிருந்து மலேசியாவிலுள்ள குரலஞ்சல் பெட்டிக்கே திரும்பிப் போகிறது. ஒரு வார்த்தையும் பேசாமலே, வந்ததற்கு ஒன்றும் போனதற்கு ஒன்றுமாக இரண்டு சர்வதேச அழைப்புகள் உங்கள் கணக்கில் ஏறிவிடக்கூடும். விமானம் ஏறுமுன் கைப்பேசியில் ##002# என்று அழுத்தி அழைத்தால், பெரும்பாலான இணைப்புகளில் இத்தகைய திருப்பல்கள் யாவும் ரத்தாகும். ஊர் திரும்பியபின், வேண்டுமானால், மறுபடியும் அமைத்துக்கொள்ளலாம்.